சம்பந்தி சட்டையில் ஒரு நூல்

செக்கர் யாரையும் முகத்திலிருந்து பார்க்கத் தொடங்குவதில்லை. முதலில் தோள் தையல், பிறகு காலர் முனை, பித்தான் துளை. நேரமிருந்தால் முகம்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. தொங்கும் நூலைக் கண்டால் கை தானாகப் போய்விடும். பேருந்தில் முன்னால் நிற்பவர் முதுகில் நூல் எடுக்கப்போய் ஒருமுறை அறை வாங்கியிருக்கிறார். அறைந்தவருக்கும் அக்குளில் தையல் விட்டிருந்ததை இறங்கும்போது சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

அவரிடம் இருப்பவை நான்கே சட்டைகள். காலர் நைந்தால் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்துக்கொள்வார். மகளுக்கு வாரம் தவறாமல் புதுத் துணி பார்சலில் வரும். மூன்று சலவையில் அது தரை துடைக்கப் போகும். அந்த வீட்டுத் தரை எப்போதும் புதுப் பாணித் துணியால் துடைக்கப்பட்டது.

மகள் காதலித்த பையனின் பெற்றோர் பேச வருவதாக இருந்தது. பையனின் அப்பா ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நாற்காலி ஆடியதென்று எழுந்து வந்தவர்.

"அப்பா, பழசைப் போட்டு மானத்தை வாங்காதீங்க. ஆஃபர்ல உங்களுக்கு ஒண்ணு எடுத்திருக்கேன். இன்னொண்ணு, யார் துணியிலயும் கை வைக்கக் கூடாது."

"நான் ஏம்மா வைக்கப் போறேன்?"

மேலாளர் மனைவியோடு வந்தார். மகள் எடுத்துக் கொடுத்து செக்கர் போட்டிருந்த அதே சட்டை. அதே நீலம், அதே கட்டம். அவர் மகனும் அதே ஆஃபரில் எடுத்திருக்கிறான். இருவரும் கண்ணாடி பார்ப்பதுபோல் உட்கார்ந்தார்கள்.

தேநீர் வந்தது. மேலாளர் கையை நீட்டியபோது அவர் விலாவில் ஒரு நூல் தொங்கியது. செக்கர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு கை போய்விட்டது.

முனையில் முடிச்சிட்டிருப்பார்கள் என்று நம்பி இழுத்தார். தன்னைப்போலவே எல்லோரும் வேலை செய்வார்கள் என்று நம்பியதுதான் தவறு. தையல் சரசரவென்று ஓடியது. இடுப்பிலிருந்து அக்குள் வரை சட்டை வாய் பிளந்தது.

"என்னய்யா பண்றீரு! கிளம்பு, போகலாம்!" மேலாளர் எழுந்தார்.

"இந்தக் கோலத்துலயா? தெருவுல நாலு பேரு பார்க்க வேணாமா?" என்றார் அவர் மனைவி.

மேலாளர் உட்கார்ந்தார். மகள் அழத் தயாராக நின்றாள். செக்கர் உள்ளே போய் பீரோவைத் திறந்தார். செக்கரின் மனைவி பின்னாலேயே வந்தாள்.

"சட்டையைக் குடுக்காதீங்க. குடுத்தா கிளம்பிடுவாரு."

"அதுக்காக மனுஷனை இப்படியே உட்கார வைக்கிறதா?"

பழைய வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலாளர் முறைத்துக்கொண்டே மாட்டினார். பித்தான்களைப் போட்டார். கையைத் தூக்கினார், இறக்கினார். வாசல்வரை போய்ச் செருப்பில் காலை நுழைத்தார். மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் வேணும்னு செய்யலைங்க" என்று செக்கர் பின்னாலேயே ஓடினார்.

மேலாளர் திரும்பினார். அவர் பார்வை செக்கரின் விலாவில் நின்றது. அங்கேயும் ஒரு நூல்.

"அசையாதீங்க" என்று சொல்லி இழுத்தார்.

அதே சரசர. அதே பிளவு. மேலாளர் முகத்தில் சிறுபிள்ளையின் நிம்மதி வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"உட்காருங்க சம்பந்தி. இப்ப பேசலாம். முதல்ல இதைச் சொல்லுங்க, இந்த வெள்ளைச் சட்டை வாங்கி எத்தனை வருஷமாச்சு?"

"உங்க மருமக அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா."

கல்யாணம் முடிந்து பேத்தியும் பிறந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை இன்னும் திரும்பி வரவில்லை. செக்கர் ஜாடையாகக் கேட்கும்போதெல்லாம், "கிழியட்டும் சம்பந்தி, குடுத்துடறேன்" என்கிறார் மேலாளர்.