கிணற்றுப் பக்கம் திருப்பிய டெலஸ்கோப்

எனக்கு இருட்டைக் கண்டால் பயம் கிடையாது. இருட்டு கிடைப்பதில்லை என்பதுதான் என் பிரச்சினையே. அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்தால், தெருவிளக்கும் விளம்பரப் பலகையும் விழுங்கியது போக மிச்சமிருக்கிற நட்சத்திரங்களைக் கைவிரலிலேயே எண்ணிவிடலாம். அதனால் அமாவாசை வந்தால் டெலஸ்கோப்பையும் கேமராவையும் காரில் திணித்துக்கொண்டு, ராசிபுரம் தாண்டி மரவள்ளி போட்ட ஒரு குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போய்விடுவேன். காடு என்னோடு வேலை பார்க்கிற தோழி வீட்டுடையது. துணைக்கு என் வீட்டுக்காரர் வருவார். துணை என்றால், பின்சீட்டில் காலை நீட்டிக் குறட்டை விடுவது. "அமாவாசையன்னைக்கு ஊரே கோயிலுக்குப் போவுது, இவ காட்டுக்குப் போறா" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார்.

போன மார்கழியில் நட்சத்திரக் கோடுகள் எடுக்க ஆசைப்பட்டேன். கேமராவை ஆடாமல் நிறுத்தி, வடக்கே பார்க்கவைத்து, விடிய விடியப் படமாக எடுத்துத் தள்ள வேண்டும். அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தால் நட்சத்திரங்கள் வட்டவட்டமாகக் கோடு இழுத்திருக்கும். படத்துக்கு அடியில் ஏதாவது இருந்தால் அழகு என்று, காட்டோரத்துக் கிணற்றையும் மோட்டார் ரூமையும் சேர்த்து வைத்தேன். பெரிய கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது.

மறுநாள் வீட்டில் சேர்த்துப் பார்த்தபோது கோடுகள் அருமையாக வந்திருந்தன. கீழே, கிணற்று மேட்டில், வெள்ளையாக ஒன்று நின்றது.

இந்த மாதிரிப் படங்களில் ஒரு சங்கதி உண்டு. ஷட்டர் நிமிஷக்கணக்கில் திறந்தே கிடப்பதால், குறுக்கே நடந்து போகிற ஆள் படத்தில் விழவே மாட்டார். வீட்டுக்காரர் ஒருமுறை கேமரா முன்னாலேயே போய் ஒதுங்கிவிட்டு வந்தார், படத்தில் சுவடே இல்லை. அசையாமல் நின்றால்தான் விழும். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். முதல் படத்திலிருந்து விடியற்காலைப் படம் வரைக்கும் அது அங்கேயே நின்றது. நான் இருந்ததோ அதற்குக் கூப்பிடு தூரத்தில்.

"காயப்போட்ட வேட்டியா இருக்கும், போ" என்றார் வீட்டுக்காரர். தோழிக்குப் போன் போட்டேன். "அங்க எவன் துணி காயப்போடறான்?" என்றவள், "நீ கெணத்துப் பக்கம் மட்டும் போவாத" என்றாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிட்டாள்.

தை அமாவாசைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஓரியன் நெபுலா என்கிற ஒளிமேகம் தலைக்கு மேல் வருகிற காலம் அது, விட்டால் ஒரு வருஷம் போச்சு. எனக்கோ பிடிவாதம். கிணற்றுக்கு முதுகைக் காட்டி டெலஸ்கோப்பை நிறுத்தி, அதில் கேமராவை மாட்டினேன். இருட்டுக்குப் பழகிய கண் கெடக்கூடாது என்று நெற்றியில் சிவப்பு விளக்கு. தூரத்தில் கோழிப்பண்ணை விளக்குகள் வரிசையாக எரிந்தன. பனி இறங்கியது. வீட்டுக்காரர் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்கிப்போயிருந்தார். ஒவ்வொரு படமும் முடியும்போது கேமரா போடுகிற 'க்ளக்' தவிர வேறு சத்தமில்லை. பிடரியை யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது மாதிரி இருந்தது. நான் திரும்பவில்லை.

"ஏனுங்க அம்மிணி."

குரல் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது. திரும்பினால், சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா. அறுபது வயதிருக்கும். கால் தரையில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது, செருப்பில்லாமல்.

"பயப்படாதீங்க சாமி. அந்தா, அந்த ஊடு எங்குளுதுங்க. அம்மாவாசைக்கு அம்மாவாசை கெணத்துக்கிட்ட வந்து, விடியற வரைக்கும் நிப்பனுங்க. என்ற புள்ள அதுலதான் போனா."

கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல், மகள் ஓர் அமாவாசை ராத்திரியில் தாய்வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். காலையில் கிணற்றில் கிடந்தாள். புருஷன் பைக்கில் பின்னாலேயே வந்தான் என்று ஊரில் பேச்சு. ஆனால் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை.

"போலீசுல காலு வழுக்கி உழுந்துட்டாளுனு எழுதிக்கிட்டாங்க. அவளா உழுந்தாளா, அவன் தள்ளி உட்டானா, இன்னைக்கு வரைக்கும் தெரியல சாமி. அது தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் நான் வானத்தைப் பற்றிப் பேசுவேன். அது ஒரு வியாதி. "இதுல என்னத்தப் பாக்கறீங்க?" என்று அவர் கேட்டதும் கொட்டிவிட்டேன். இந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்கு அங்கே இருப்பது நமக்குத் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். "நடந்து முடிஞ்சதத்தாங்க இதுல பாக்கறோம்."

அவர் முகம் மாறியது.

"அப்படீனா இதக் கெணத்துப் பக்கம் திருப்புங்க சாமி. ஆயரம் வருசமெல்லாம் வேண்டாம். அந்த ஒரு ராத்திரி போதும்."

முடியாது என்றேன். ஏன் முடியாது என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அபத்தமாக இருந்தது. அவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. ஐயோ, என் அம்மா வயது! கேமராவைக் கழற்றிவிட்டு, கண் வைத்துப் பார்க்கிற லென்ஸை மாட்டினேன். சாயங்காலத்திலிருந்து மெனக்கெட்டு, நட்சத்திரங்களோடு சேர்ந்து சுழலட்டும் என்று தாங்கியைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்ததெல்லாம் போனால் போகட்டும் என்று, குழாயைக் கிணற்று மேட்டுக்குத் திருப்பினேன். அவ்வளவு கிட்டத்தில் இருப்பது எதுவும் அதில் துலங்காது. வெறும் கறுப்புதான் தெரியும்.

அவர் குனிந்து கண்ணை வைத்தார். கேமராவும் நின்றுவிட்டதால் இப்போது அந்தச் சத்தமும் இல்லை. வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு அவர் தலை மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகர்ந்தது. அந்தக் கறுப்புக்குள் நடந்து போகிற யாரையோ அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கம்மா தெரியுது?"

"வாரா. ஊட்டுப் பக்கம் போயிட்டுத்தான் திரும்பி வாரா."

கேட்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் கேட்டேன். "பின்னால யாராவது வர்றாங்களா?"

"ஒருத்தருமில்ல. அவன் இல்ல." லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நானும் இல்லியே சாமி. அன்னைக்குன்னு பக்கத்தூரு கோயில் நோம்பிக்கு ஊட்டப் பூட்டிட்டுப் போயிட்டனே."