வாளியில் கால் வைத்துக் கேட்ட கருந்துளை

தெருவில் அவளைக் 'கருந்துளை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் ஆராய்ச்சி, அதுவும் ஒப்பந்த வேலை. கணவர் பேக்கரிக்காரர். கடைக்கு வந்த யாராவது, "கருந்துளைக்குள்ள விழுந்தா என்னக்கா ஆகும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், கையிலுள்ள ரொட்டி ஆறிப்போகும்வரை பதில் வரும்.

ஆய்வாளர்களுக்கும் பேசுவாள், மாணவர்களுக்கும் பேசுவாள். எந்த உரையானாலும் முதலில் சமையலறையில் ஒரு தேர்வில் தேற வேண்டும். விடியும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் பேக்கரிக்காரர். விளக்கு வைக்கும் நேரத்தில் அவருக்குக் கண் தானாகச் சொருகும். மாவு டப்பாவில் மடிக்கணினியைச் சாய்த்து வைத்து அவள் பேசுவாள். எந்த ஸ்லைடில் அவர் முகவாய் நெஞ்சில் முட்டுகிறதோ, அந்த ஸ்லைடு அன்றோடு காலி.

"நான் என்ன சோதனை எலியா?" என்பார்.

"எலிக்கு இவ்வளவு அழகாத் தூங்கத் தெரியாதுங்க."

அவளுடைய ஆய்வு இதுதான். கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு கொதித்து எக்ஸ் கதிர்களை வீசும். அந்த ஒளியில் ஒரு பங்கு நேராக நம்மிடம் வரும். இன்னொரு பங்கு பக்கத்து வாயுத் தட்டில் பட்டுத் திரும்பிச் சற்றுத் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தை வைத்துக் கருந்துளைக்கு மிக அருகில் என்ன எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது ஓங்கி ஒரு கைதட்டுவாள். சுவரில் பட்டு எதிரொலி வரும். பிள்ளைகளுக்குப் பளிச்சென்று புரியும். வீட்டில் தட்டினாலோ பேக்கரிக்காரர் திடுக்கிட்டு விழித்து, "வந்துட்டேன், வந்துட்டேன்!" என்பார். கடையில் யாரோ கூப்பிடுவதாக நினைப்பு.

அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரப் பணிக்கு அவள் பெயர் பரிசீலனையில் இருந்தது. அதற்குமுன் துறையில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். கிடைக்காவிட்டால் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். ஆராய்ச்சியைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிடலாம், ரொட்டி அடுப்பை எப்படிக் கட்டுவது?

எனவே அந்த உரையை அவள் கனமாகத் தயாரித்தாள். கைதட்டலை எடுத்துவிட்டாள். "பேராசிரியருங்க முன்னால நான் என்ன வித்தையா காட்டப் போறேன்?" அதற்குப் பதில், எக்ஸ் கதிர்களைப் பிடிக்கும் தன் கருவி நேரத்தைச் சரியாகத்தான் பதிவு செய்கிறது என்று காட்ட, வரைபடங்கள் நிறைந்த மூன்று ஸ்லைடுகளைச் சேர்த்தாள்.

ஒத்திகைக்குப் பேக்கரிக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து சேர்ந்தார்.

"எதுக்குங்க வாளி?"

"நாள் பூரா நின்னு காலெல்லாம் கடுக்குது. நீ பாட்டுக்குச் சொல்லு." இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி வரை அவர் கண் மூடவே இல்லை.

"எப்படி இருந்துச்சு?"

"ஒரு எடத்துல கூட அசரலையே!"

அவளுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஒரு ஸ்லைடைக்கூட அடிக்கவில்லை.

உரையன்று அடுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தேய்த்த சட்டையில் வந்தார். நீண்ட கூடம், பின்னால் வெறும் சுவர். முன்வரிசையில் பேராசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் மாணவர்கள், கடைசி வரிசையில் அவர். தொடக்கம் நன்றாகத்தான் போயிற்று. கருவி ஸ்லைடுகளில் முதலாவது திரையில் விழுந்தது. இரண்டு வரி பேசியிருப்பாள், கடைசி வரிசையில் ஒரு முகவாய் மெல்லச் சரிந்து நெஞ்சில் முட்டியது.

வாளி எதற்கு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாவி மனுஷன்! தான் தூங்கினால் இவள் மனம் ஒடிந்துவிடும் என்று குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்து விழித்திருக்கிறார். முன்வரிசையைப் பார்த்தாள். துறைத் தலைவரின் மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. மாணவர்கள் மேசைக்கடியில் செல்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு ஸ்லைடுகள் பாக்கி.

அவள் பேச்சை நிறுத்தினாள். ஒலிவாங்கியை விட்டு விலகி நின்று, ஓங்கி ஒரு கைதட்டினாள்.

சுவர் அதைத் திருப்பி அனுப்பியது. தலைவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். கடைசி வரிசையிலிருந்து, "வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று ஒரு குரல். கூடமே கொல்லென்று சிரித்தது.

"நான் ஒரு தடவைதான் தட்டினேன். உங்களுக்குக் கேட்டது ரெண்டு," என்றாள். "ரெண்டாவது சத்தம் எவ்வளவு தாமதமா வந்துச்சுன்னு தெரிஞ்சா, இங்கேருந்தே அந்தச் சுவர் எவ்வளவு தூரம்னு சொல்லிடலாம். கருந்துளைகிட்ட நான் செய்யறதும் அதேதான்."

செல்பேசிகள் பைக்குள் போயின. தலைவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "சரிம்மா. ஆனா அந்தத் தாமதம் உங்க கருவியோட கோளாறு இல்லைன்னு எப்படி நம்பறது?"

அவளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. "அதுக்குத்தான் சார் இந்த மூணு ஸ்லைடு," என்று திரைப் பக்கம் திரும்பினாள். இம்முறை ஒருவரும் தூங்கவில்லை. இரண்டாவது வரைபடத்தை மாற்றப் போனபோது, "கொஞ்சம் இருங்க," என்று தலைவரே தடுத்து உற்றுப் பார்த்தார்.

பணி ஆணை வந்ததிலிருந்து வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது.

"நான் வீட்ல முழிச்சிருந்ததாலதான் ஒனக்கு வேலை. தூங்கியிருந்தா மூணையும் அடிச்சிருப்ப. அந்த மனுஷன் கேட்டப்போ திருதிருன்னு முழிச்சிருப்ப."

"நீங்க அங்க தூங்குனதாலதான் வேலை. இல்லேன்னா நான் கையே தட்டியிருக்க மாட்டேன்."

தீர்ப்பு இன்னும் ஆகவில்லை. அடுத்தது ஒரு பள்ளிக்கூடத்தில் உரை. மாவு டப்பாவில் மடிக்கணினியைச் சாய்த்ததும் பேக்கரிக்காரர் அங்குமிங்கும் தேடினார். "வாளி எங்க?"

"துணி ஊறுது. பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தார். சற்று நேரத்தில் முகவாய் இறங்கியது. அவள் அந்த ஸ்லைடை அடிக்கவில்லை. யாராவது கேட்டால் காட்டலாம் என்று கடைசிக்கு நகர்த்தினாள். பிறகு கைதட்டும் இடம் வந்தது. அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் ஓசையில்லாமல் சேர்த்துப் பிரித்து, அடுத்த ஸ்லைடுக்குப் போனாள்.