இடது இறக்கையின் கைத்தடம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். ஸ்ரீரங்கத்துக்காரன், பெருமாளைக் கும்பிடுவேன், அதோடு சரி. அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

திருச்சிக்கு வெளியே விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். எனக்கு ஓட்டுகிற வேலை இல்லை, நடக்கிற வேலை. இரண்டு பேர் உட்காருகிற குட்டி விமானங்களை அங்கே நெருக்கி நெருக்கி நிறுத்தியிருப்பார்கள், அவை தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போகும்போது உள்ளே இருக்கிற மாணவனுக்குத் தன் இறக்கை எங்கே இடிக்கும் என்று தெரியாது, அதனால் வலது முனையில் ஒருவர், இடது முனையில் ஒருவர் என்று இடுப்பு உயர இறக்கையில் உள்ளங்கையை வைத்தபடி கூடவே நடப்போம். ஏதாவது குறுக்கே வந்தால் கையைக் காட்டி நிறுத்த வேண்டும். வானத்தில் மோதுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள், ஆனால் தரையில் மாட்டுவண்டி வேகத்தில் மோதினாலும் முன்னால் சுழலும் விசிறி ஆளை விடாது.

வலது முனை மேலப்புதூர் செபஸ்தியான் அண்ணனுடையது. இடது முனை என்னுடையது. அண்ணனுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது, சின்ன வயதில் ஏதோ பட்டறையில் போய்விட்டது. அந்தக் கையால் இறக்கையை இரண்டு தட்டு தட்டி "போலாம் தம்பி" என்பார்.

அன்று வைகுண்ட ஏகாதசி. ஊரே கோயிலில் இருந்தது, எனக்கு லீவு கொடுக்கவில்லை, அந்த எரிச்சலோடுதான் நடந்தேன். விடிந்து பனி கொஞ்சம் விலகியது, வடக்கே ராஜகோபுரத்தின் உச்சி தெரிந்தது. கை தானாக இறக்கையை விட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடினேன். எத்தனை நேரம் என்கிறீர்கள்? நாலு 'ரங்கா' சொல்லும் நேரம்.

அதற்குள் இடது பக்கத்திலிருந்து இன்னொரு விமானம் வந்துவிட்டது. பார்க்க வேண்டியவன் நான். பார்த்தது அண்ணன். வால் பக்கமாகச் சுற்றி என் பக்கம் ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு, கையைக் குறுக்கே காட்டினார். நான் கண்ணைத் திறந்தது தரையில் விழுந்தபோதுதான். இறக்கையும் இறக்கையும் உரச, வந்த விமானம் சுழலும் விசிறியோடு அப்படியே அண்ணன் பக்கம் திரும்பியது. மாணவர்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. அண்ணன் போய்விட்டார். அதற்கு மேல் அதைச் சொல்ல என்னால் முடியாது.

விசாரணையில் கேட்டார்கள்.

"வலது பக்கம் நிக்க வேண்டியவரு ஏன் இடது பக்கம் வந்தாரு?"

"தெரியலைங்க சார். அவராத்தான் ஓடினாரு."

நான் கண்ணை மூடியதை வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இறந்தவர் தன் இடத்தை விட்டு நகர்ந்த கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். அண்ணி ஆரோக்கியமேரி மட்டும் நம்பவில்லை. "அவரு ஒருநாளும் இடம் மாறி நின்னதில்லையே தம்பி," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். வேலை இருக்கிறது என்று நான் கிளம்பிவிடுவேன்.

அடுத்த மார்கழிக்கு, அன்று நாங்கள் கூட நடந்த விமானம் பழுது பார்த்துத் திரும்பி வந்தது. காலை ஆறு மணிக்குப் போகிறேன், வெளியே நின்ற விமானம் முழுக்கப் பனித்துளி. இடது முனையில் மட்டும் ஒரு கை அளவுக்குக் காய்ந்திருந்தது. உள்ளங்கை, விரல்கள். ஆள்காட்டி விரல் பாதிதான்.

எவனோ விளையாடுகிறான் என்று கோபம் வந்தது. காவல்காரர் காஜா பாயைக் கேட்டேன். "ராத்திரி பூரா இங்கதாங்க இருக்கேன், ஒரு நாய்கூட வரல," என்றார். ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தேன். நம்பினால் நம்புங்கள், நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் அதே கை வடிவத்தில் காய்ந்தது. தொட்டேன். சூடாக இருந்தது. காஜா பாய் எதையோ ஓதிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. செத்தும் அந்த மனிதர் என் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

அன்று மாலை மேலப்புதூர் போனேன். வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கண்ண மூடி என்ன தம்பி வேண்டிக்கிட்டீங்க?"

"ஒண்ணும் வேண்டிக்கல அண்ணி. சும்மா கும்பிட்டேன்."

"எதையாவது வேண்டியிருக்கலாமே," என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதார்.

மறுநாள் உண்மையை எழுதிக் கொடுத்தேன். அண்ணன் பெயரில் இருந்த பழியை நீக்கினார்கள், என்னையும் நீக்கினார்கள். அது நியாயம்தான். கடைசி நாள் காலையில் விமானத்தைப் பார்க்கப் போனேன். இறக்கை முழுக்க ஈரம், எந்தத் தடமும் இல்லை. அப்பாடா, அண்ணன் போய்விட்டார் என்று அவர் கை இருந்த இடத்தில் என் கையை வைத்தேன். இரண்டு தட்டு தட்டினேன். எடுத்தேன்.

என் கை நனைந்திருந்தது. இறக்கையில் ஒரு துளிகூடக் கலையவில்லை.

இப்போது ஜீயபுரத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவருகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மார்கழியில் கண்ணாடியில் பனி இறங்கியிருக்கும். துணியால் துடைத்தால் போகிறது. நீங்கள் கை வைத்தால் உங்கள் கை பதியும். என் கை பதிவதில்லை, அன்று இறக்கையை விட்ட கை அது. இன்று காலையும் வைத்துப் பார்த்தேன்.