அம்மனிடம் நான் கேட்ட அறை

மாரியம்மனை நம்பி வாழும் எல்லாருக்கும் முத்துவேலு எழுதிக்கொள்வது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தேயிலைக் கொழுந்தைக் கையில் அள்ளினால் போதும், எத்தனை மணி நேரம் வாடியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நமுனுகுலப் பக்கத்தில் அப்படிச் சொல்ல இன்னொருவன் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன். அப்பேர்ப்பட்ட நான்தான் ஒரு காலத்தில் அந்த வேலையையே வெறுத்தேன். அதனால் ஒரு குடும்பமே தோட்டத்து வரிசைவீடான லயத்தை விட்டுப் போனது. அம்மன் என்னை எப்படித் திருத்தினாள் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நாற்பத்தொன்பதாம் வருஷம். என் மனைவி வள்ளி தோட்டத்தின் மேல் பிரிவில் கொழுந்து எடுத்தாள். எங்கள் லயத்து அறை, நாங்கள் காம்பரா என்போம், அங்கே. எனக்கோ கீழே தொழிற்சாலையில் வேலை. இடையில் ஐந்து மைல். தொழிற்சாலை லயத்தில் ஓர் அறைகூடக் காலி இல்லை. விடியுமுன் இறங்குவேன், இருட்டியபின் ஏறுவேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் விரலிடுக்கெல்லாம் புண். அட்டை கடித்த ரத்தத்தோடு போய்ப் பெரட்டில் நிற்பேன். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, ஐந்து மைலும் திரும்ப ஏற வேண்டியதுதான். என் கைக்குழந்தை என்னைக் கண்டால் வேற்றாள் என்று அழும்.

மெல்ல மெல்ல மனசு விட்டுப்போயிற்று. வாடிய கொழுந்தின் வாசனையே குமட்டியது. காய்ச்சல் என்று பொய் சொன்னேன். பாதி வழியில் பாலத்தின்மேல் உட்கார்ந்துகொள்வேன். பெரட்டு முடிந்திருக்கும் என்று தெரிந்தபின் எழுந்து வீட்டுக்குத் திரும்புவேன். மழையால் நேரமாகிவிட்டது என்பேன்.

“மழை மேல பழி போடாதீங்க,” என்றாள் வள்ளி ஒருநாள். “நேத்து தூறக்கூட இல்ல.”

பாலத்தருகே மரத்தடியில் அம்மன் கல் ஒன்று உண்டு. அதன் முன் தினமும் ஒரே வேண்டுதல்தான். தாயே, தொழிற்சாலைப் பக்கம் எனக்கு ஓர் அறை கொடு.

என்னோடு வேலை செய்தவர் கறுப்பையா அண்ணன். தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள லயத்தில் மனைவியோடும் வயசான தாயோடும் இருந்தார். கார்த்திகையில் ஒருநாள் என் கால் வீங்கிவிட்டது. அன்று பெரட்டில் என்னைக் கொழுந்து உருட்டும் மிசினுக்கும், அவரைக் கொழுந்து வாட்டும் மாடிக்கும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் என் காலைப் பார்த்தார்.

“நீ மேல போயி ஒக்காருப்பா. மிசின்ல நான் நிக்கிறேன்.”

பெரட்டில் எந்த வேலைக்கு யாரைக் கூப்பிட்டார்களோ அவர்தான் அதற்குப் பொறுப்பு. மாற்றிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நாங்கள் எல்லாரும் மாற்றிக்கொள்வோம்.

மாடியில் சூடான காற்று. சாக்குகளின்மேல் சாய்ந்தேன், தூங்கிவிட்டேன். விழித்தபோது கொழுந்து அளவுக்கு மேல் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. படியில், தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் காலடி கேட்டது. பின்படியால் இறங்கி மிசின் பக்கம் ஓடிவிட்டேன்.

பெரட்டில் மாடிக்குக் கூப்பிட்டது யாரை என்று விசாரித்தார்கள். கறுப்பையா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மிசினைப் பார்த்தேன். நான் வராத நாள்களின் கணக்கு அவருக்குத் தெரியும். இன்னொரு குற்றம் சேர்ந்தால் நான் தொலைந்தேன் என்றும் தெரியும்.

“கண் அசந்துட்டேங்க,” என்றார்.

ஏச்சோடு போகும் என்று நினைத்திருப்பார். தோட்டத்துத் துரையோ வேலையை விட்டே நீக்கிவிட்டார். வேலை போனால் அறையும் போச்சு. மூன்றாம் நாள் மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு மடுல்சீமையில் இருந்த ஒரு சொந்தக்காரர் லயத்துக்கு அந்தக் குடும்பம் நடந்தது. நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை.

அடுத்த வாரம் கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு, தொழிற்சாலை லயத்தில் ஓர் அறை காலி, எடுத்துக்கொள் என்றார். விஷயம் அறியாத வள்ளி அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினாள். நான் அறையைப் பார்க்கப் போனேன். அடுப்பில் சாம்பல் அள்ளாமல் கிடந்தது. மூலையில் அந்தத் தாய் வெற்றிலை இடிக்கும் சின்ன உரல். மூட்டைகளோடு சேர்த்துத் தூக்க முடியாமல் விட்டுப் போயிருக்கிறார்கள். நான் கேட்ட அறை அதுதான். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று அறை கேட்கவில்லை. தாயே, என் வாயைத் திறந்துவிடு என்று மட்டும் கேட்டேன். செய்தது தப்பு என்று அதுவரை யாரிடமும் சொல்லிப் பழகாதவன் நான். ஆனால் எழுந்தபோது கால் நேரே டீமேக்கர் ஐயாவிடம் போயிற்று. எல்லாம் சொன்னேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?”

“பயந்துட்டேங்க.”

துரையிடம் கூட்டிப் போனார். குடும்பத்தோடு தெருவில் நிற்கப் போகிறேன் என்றே நினைத்தேன். என்னைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு சுமக்கப் போட்டார்கள். அறை இல்லை என்றார்கள். கறுப்பையாவை நீயே போய்க் கூட்டி வா என்றார்கள். அம்மனிடமிருந்து எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

அன்றே மடுல்சீமைக்கு நடந்தேன். வாசலில் கறுப்பையா அண்ணன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கும் பெரட்டுக்குப் போகலியா நீ?”

“ஒங்களக் கூட்டிப் போக வந்தேண்ணே. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

“வர்ற வழியில மழை. ஆத்தாவுக்குச் சளி கட்டிருச்சு,” என்றார். “எப்படா நம்ம காம்பராவுக்குப் போறோம்னு கேட்டுக்கிட்டே இருந்தா. முந்தாநாள் போயிட்டா.”

அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பி வந்து அதே அறையில் குடியேறினார். அதற்குப் பிறகு ஒரே கூரையின்கீழ் பல வருஷம் வேலை செய்தோம். வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை.

இன்னும் நாலு வருஷம் அந்த ஐந்து மைலை நடந்தேன். மழையும் அட்டையும் குறையவில்லை. ஆனால் ஒரு பெரட்டுக்கும் தவறவில்லை. விறகு சுமந்தவன் மாடிக்கே தலையாள் ஆனேன். என் பிள்ளைகளுக்கு ஹாலிஎலயில் கடை இருக்கிறது. கோயில் மணியில் என் பேர் வெட்டியிருக்கிறது, போனால் பாருங்கள். ஒவ்வொரு கார்த்திகையிலும் அந்தத் தாய்க்காக ஒரு விளக்கு வைக்கிறேன். அதில் மட்டும் என் பேரைப் போடவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பாரம் தாங்க முடியாமல் வேலையை விட்டு ஒளிந்து திரிகிறவர்களே, அம்மனிடம் வாருங்கள். அவள் தூரத்தைக் குறைக்காமல் போகலாம். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் கொடுப்பாள். கொடுத்தவுடன் சொல்லிவிடுங்கள். நான் பதினைந்து நாள் தாமதித்தேன்.