தேர்தலுக்கு வாங்கிய மெழுகுதிரி

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் மாநிலப் பாராளுமன்றத் தேர்தலுக்கு முதல்நாள், அகதி விடுதியில் என் அறையிலிருந்த அண்ணை அரிசியும் மெழுகுதிரியும் வாங்கி வந்தார். இலங்கையில் தேர்தல் என்றால் தமிழர் எங்களுக்கு ஊரடங்குதான். கதவையும் பூட்டிவிட்டோம்.

ஞாயிறு காலை யன்னலால் எட்டிப் பார்த்தோம். எதிரேயிருந்த பள்ளிக்கூடத்துக்குச் சனங்கள் நாயோடும் பிள்ளைகளோடும் ஆறுதலாக வாக்களிக்கப் போனார்கள். துவக்கோடு ஆமிக்காரன் ஒருவனும் நிற்கவில்லை. எனக்கு ஏனோ எரிச்சல் வந்தது.

"இந்தப் பாராளுமன்றத்துக்கு என்ன அதிகாரம் இருக்கு?" என்று அண்ணை கேட்டார்.

சந்தையில் துண்டுப்பிரசுரம் தந்த வேட்பாளரிடம் நானும் அதையே கேட்டிருந்தேன்.

"பள்ளிக்கூடம், பொலிஸ் எல்லாம் மாநிலத்தின்ர கையிலதானாம், அண்ணை."

அவர் யன்னல் சீலையை இழுத்து மூடினார்.

"இவ்வளவைத்தானே தம்பி நாங்களும் ஊரில கேட்டனாங்கள்."