பெண் பார்க்க வந்த நாளில் அக்காவின் விரல்கள்

அக்காவைப் பெண் பார்க்கப் படப்பையிலிருந்து வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளுடைய பத்து விரல் நுனிகளும் கறுத்துக் கிடந்தன.

அது 1991. எங்கள் ஊரான ஒரகடத்தைச் சுற்றி அப்போது கார் கம்பெனிகள் வரவில்லை. வயலும் ஏரியும், தாம்பரம் போகும் பஸ்ஸும்தான். அந்த பஸ்ஸில் போய்தான் அக்கா பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றாம் வகுப்பு. அவள் வாய்விட்டுப் படிப்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். வலு குறைந்த அமிலமும் வலு மிகுந்த காரமும் சேர்ந்து உண்டான உப்பு, தண்ணீரில் கரைந்தால் நடுநிலையாக இருக்காதாம். காரத்தின் பக்கமே சாயுமாம். எனக்கு அது எங்கள் சொந்தக்காரர்களின் சண்டையைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும்.

அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி இது?"

"லேப்ல சில்வர் நைட்ரேட் பட்டுடுச்சும்மா. படும்போது தெரியாது. வெளிச்சம் பட்டா கறுத்துடும்."

"தேச்சா போவும் இல்ல?"

"தோல் உரிஞ்சாதான் போவும். பத்து நாள் ஆவும்."

அம்மா நம்பவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தாள். போகவில்லை. ஈரம் காயும் முன்பே அதன் மேல் சலவைச் சோடாவைக் கொட்டினாள். புஸ்ஸென்று நுரை பொங்கியதும் எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு தரம் போடச் சொல்லி அம்மாவைக் கெஞ்சினேன்.

"பழம் ஆசிட், சோடா பேஸ்," என்றாள் அக்கா, கையை நீட்டியபடியே. "ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு உப்பாவும் தண்ணியாவும் ஆயிடும்மா. கறைகிட்ட ரெண்டுமே போவாது."

"வாய மூடிகினு நில்லு," என்றாள் அம்மா. அடுத்துக் கல்லுப்பை எடுத்தாள்.

நான்கு மணிக்கு அவர்கள் வந்தார்கள். காலையிலேயே வந்திருந்த மாமா அக்காவின் புடவைத் தலைப்பை இழுத்து விரல்களை மூடிவிட்டு, "தட்ட வெச்சிட்டு வந்துடு, நிக்காத," என்று சொல்லி அனுப்பினார். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா பிரியமானவர். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தலைப்பு விலகியது.

"இன்னாமா, கையெல்லாம் இப்பிடி கீது?"

"மருதாணி," என்றார் மாமா.

"மருதாணி கருப்பாவா புடிக்கும்?"

"மருதாணி இல்லீங்க," என்றாள் அக்கா. "அது வெள்ளியோட உப்பு. தோல்ல பட்டா வெள்ளி பிரிஞ்சு கருப்பா படிஞ்சிடும். நோய் எதுவும் இல்ல, பயப்படாதீங்க."

அந்த அம்மாள் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலையெல்லாம் இருக்காதே?"

"எம்.எஸ்சி. சேந்தா ரெண்டு வருஷம் இருக்கும்."

பஜ்ஜியைக் கடித்த மாப்பிள்ளை மெல்லுவதை நிறுத்திவிட்டார். பிறகு எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

மாமா அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனார். அம்மா சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அதுவரை வாயே திறக்காமல் இருந்த அப்பா அக்காவை ஜன்னல் ஓரமாகக் கூப்பிட்டார். அவள் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். கறை ஒவ்வொரு விரலிலும் ஒரே அளவில், பொட்டு வைத்ததுபோல் வட்டமாக இருந்தது.

"லேப்ல கை தவறிடுச்சா?"

"ஆமாம்பா."

"பத்து விரல்லயுமா?"

அக்கா தரையைப் பார்த்தாள். அப்பாவுக்குத் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்து நிமிர்ந்து பார்த்தேன். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்த எம்.எஸ்சி. எந்த காலேஜ்ல கீது?"

அக்கா அழுதபடியே அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு பேர் மேலும் இரக்கமாக இருந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள், அப்பா சிரிக்கிறார், அக்கா அழுகிறாள். எல்லாம் ஒரு பாழாய்ப்போன மருந்து கொட்டியதால்தானே. மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துப்போய் அக்காவிடம் நீட்டினேன்.

"அடுத்த வாட்டியாவது ஜாக்கிரதையா இரு அக்கா," என்று அவள் காதில் சொன்னேன்.

"சரி," என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.