பெரியப்பா நடத்திய மாவுப்பூச்சிப் போர்

எங்கள் அத்தைக்குத் திராட்சைப் பைத்தியம் பிடித்தபோது நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பட்டாபிராமில் எங்களோடுதான் இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, ஒருநாள் பன்னீர் திராட்சைக் கன்று ஒன்றை வாங்கிவந்து மொட்டை மாடியில் ஒரு பெரிய டிரம்மில் நட்டாள்.

"மாப்பிள்ளைக்கு முடி இல்லைன்னு வேணாம்னா. இதுல ஒரு இலைகூட இல்ல, தூக்கினு வந்துட்டா" என்றார் பெரியப்பா.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். பக்கத்துத் தெருவில் இருந்தார். ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கொடி காட்டி வண்டியை நகர்த்திய பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை. தினமும் காலையில் காபிக்கு வந்து எங்கள் வீட்டை நகர்த்திவிட்டுப் போவார்.

இலை இல்லாத அந்தக் குச்சி ஒரே வருஷத்தில் மாடி முழுக்கப் படர்ந்தது. அப்பா இரும்புக் குழாய் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டுக் கொடுத்தார். அடுத்த கோடைக்கு முன்னால் பச்சைப் பச்சையாகக் குலைகள் தொங்கின. அத்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் மாடிக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு குலையையும் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட்டுப் பார்ப்பாள்.

அப்போதுதான் மாவுப்பூச்சி வந்தது. காம்பிலும் கணுவிலும் யாரோ மாவைத் தூவிவிட்டுப் போனதுபோல வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. எறும்புகள் வரிசை கட்டின. பூச்சியிடமிருந்து தேன் மாதிரி ஒன்று சொட்டி, இலையெல்லாம் கரி பூசியதுபோல ஆயிற்று. அந்தச் சொட்டு இலையோடு நிற்கவில்லை. கீழ் வீட்டில் குடியிருந்த அக்கா ஒருநாள் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"இன்னாக்கா இது? என் ஊட்டுக்காரு சட்டை பூரா பிசுபிசுன்னு கீது. எறும்பு மொய்க்குது. நேத்து ஆபீஸ்ல அவரு ஜிலேபி மாதிரி குந்திகினு இருந்தாராம்!"

அப்பா மரியாதைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அத்தையிடம் திரும்பினார். "ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள சரியாகலைன்னா வெட்டிடுவேன்."

அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை.

பெரியப்பா வைத்தியத்தில் இறங்கினார். வேப்பெண்ணெய் தெளித்தார். சோப்புத் தண்ணீர், புளித்த மோர், பெருங்காயம் என்று ஒவ்வொன்றாக வந்தது. பூச்சிக்கு எதுவும் ஆகவில்லை. எங்களுக்குத்தான் மாடிப்பக்கம் போக முடியவில்லை. கடைசியில் அவர் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த தீர்த்த பாட்டிலைத் திறந்தபோது அம்மா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு அத்தை எங்கோ விசாரித்து, பாரிவாக்கம் பக்கத்தில் நல்ல பூச்சி வளர்த்துக் கொடுக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துப் போய்வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கொத்தமல்லி விதை அளவில் வண்டுகள். கறுத்த உடம்பு, ஆரஞ்சுத் தலை. "இது மாவுப்பூச்சியை மட்டும்தான் தின்னும். வேற எதையும் தொடாது. அவர் சொன்னார்" என்றாள். எவர் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பந்தலில் திறந்துவிட்டோம்.

மூன்று வாரம் போலக் கழிந்தது. வண்டுகளைக் காணோம். அதைவிட மோசம், மாவுப்பூச்சி பெருத்துவிட்டது. முன்பு அரிசிக்குருணை அளவில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது, இப்போது நீளமாக, சடைசடையாக வெள்ளை மயிர் தொங்க, கொடியில் விறுவிறுவென்று ஓடியது.

"வண்டைத் தின்னு கொழுத்துக்கீது!" என்றார் பெரியப்பா. "இனி பேச்சே கெடையாது. எல்லாரும் பிரஷ் எடுங்க."

அத்தை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சனிக்கிழமை, அப்பாவுக்கும் எனக்கும் லீவு; அத்தைக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ். ஆளுக்கொரு பழைய பல் பிரஷ், நடுவில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர். அப்பா ஏணியில், அம்மா ஸ்டூலில், நான் கைக்கு எட்டும் கிளைகளில். கீழ் வீட்டு அக்காகூட வந்து கலந்துகொண்டார். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "அதோ லெஃப்ட்ல! ஓடுது பார், விடாத!" என்று நடத்தினார். பெரிதாக இருந்த ஒன்றையும் விடவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். அத்தைக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்கிறோம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அத்தை வந்தாள். பெரியப்பா வாளியைக் காட்டினார். அத்தை குனிந்து பார்த்து, அப்படியே நின்றாள். போனில் ஒரு படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். உடனே போன் அடித்தது. ஓரமாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தவள் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அது மாவுப்பூச்சி இல்ல. வண்டோட குட்டிங்க. பார்க்க அதே மாதிரிதான் இருக்குமாம்."

அக்கா பிரஷை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அப்பா ஏணியிலிருந்து இறங்கி, "சரி, வெட்டறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முனகினார். நான் அழத் தயாரானேன். அத்தைதான் வாளியை இன்னொருமுறை பார்த்துவிட்டு, திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரே நேர்ல வரேன்னாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நின்றார். ஒல்லியாக, வியர்த்து வழிந்துகொண்டு. ஒரு கையில் டப்பா, மறுகையில் மாவுப்பூச்சி அப்பிய பூசணிக்காய். அதில் வைத்துத்தான் வண்டு வளர்ப்பார்களாம். வீட்டுக்கு வருகிறவர்கள் பழம் வாங்கிவந்து பார்த்திருக்கிறோம். அம்மா பூசணிக்காயை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் இருக்கும் சார். அதை ஏமாத்தத்தான் இந்தக் குட்டிங்க அதே வேஷம் போட்டுக்கினு நடுவுல பூந்துக்குது" என்று விளக்கினார்.

"எறும்பு ஏமாறுதா?" என்றார் பெரியப்பா.

"தெரியல சார். நீங்க ஏமாந்துட்டீங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே திக்கென்றது. அந்தப் பதற்றத்தில் டப்பாவைத் தலைகீழாகத் திறந்துவிட்டார். வண்டுகள் அத்தனையும் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையில்.

"அசையாதீங்க சார்!" என்று அவரும், "அசையாதண்ணா!" என்று அத்தையும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஏற்கெனவே ஒரு வாளிப் பாவம் தலையில் இருந்ததால் பெரியப்பா மூச்சைக்கூட அளந்து விட்டார். கைகளை விரித்தபடி சிலுவை மாதிரி நின்றார். வந்தவர் ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமுமாக வண்டுகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் ஏற்றினார்கள். ரொம்ப நேரம் ஆயிற்று. அவ்வளவு வண்டு அதில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சும்மா நிற்க முடியாமல் பெரியப்பா அவரிடம் கேட்டார். "தம்பி எந்தப் பங்கு?"

"பங்கெல்லாம் இல்லீங்க சார். மாசச் சம்பளம்தான்."

பெரியப்பா "ஓ" என்றார். அந்த "ஓ" கொஞ்சம் நீளமாக இருந்தது. எங்களவர்கள் எந்த மாதா கோயிலைச் சேர்ந்தவர் என்பதைத்தான் அப்படிக் கேட்பார்கள். நானோ சம்பளம் குறைவுபோலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த முறை குட்டிகளை யாரும் தொடவில்லை. ஈஸ்டர் போய், கோடை முற்றுவதற்குள் கொடி சுத்தமாகிவிட்டது. பழம் பழுத்தது, வாயில் வைத்தால் காது வரை புளித்தது. ஆனால் அத்தை பாரிவாக்கம் போவதை மட்டும் நிறுத்தவில்லை. பூச்சிதான் இல்லையே என்று கேட்டேன். "மறுபடி வந்துட்டா?" என்றாள். அத்தையைப் போலப் பொறுப்பாகப் பயிர் வளர்ப்பவர்கள் யாருமில்லை என்று வகுப்பில்கூடச் சொன்னேன்.

அவர்தான் இப்போது என் மாமா. ஆனால் அது சுலபமாக நடந்துவிடவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் பெரியவர்கள் ஹாலில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே நின்று கேட்டேன்.

"எங்க யாருக்கும் தெரியாம இவ்ளோ தூரம் பரவிக்கீது" என்றார் அப்பா.

"ஆரம்பத்துலயே கிள்ளியிருக்கணும். இப்ப இன்னா பண்றது?" என்றார் பெரியப்பா.

அத்தை அழும் குரலில் சொன்னாள். "வேரோட புடுங்கிடலாம்னு நெனைக்காதீங்க. முடியாது."

மாடிக்கு ஓடினேன். ஸ்டூலைப் போட்டு ஏறி ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தேன். காம்பு, கணு, கம்பி மறைவு, ஒன்றையும் விடவில்லை. இறங்கி வந்து கதவைத் தள்ளித் திறந்தேன்.

"ஒண்ணுமே இல்ல பெரியப்பா! நான் பார்த்துட்டேன், சுத்தமா கீது. அத்தையைத் திட்டாதீங்க!"

முதலில் அம்மாதான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பா வேறு பக்கம் பார்த்தார், தோள் குலுங்கியது. பெரியப்பா முறைக்கப் பார்த்து, முடியாமல் வெடித்துச் சிரித்தார். அத்தை என்னை இழுத்து மடியில் போட்டு, மூச்சு முட்டும்படி கட்டிக்கொண்டாள்; என் தலையெல்லாம் ஈரமாயிற்று.

இலைக்கு அடிப்பக்கம்கூட விடாமல் பார்த்தேனே, அதற்காகத்தான் என்று நினைத்தேன்.